மூன்றாம் பாகத்தில் தொடங்கிய வாசிப்பு: கிருஷ்ணகிரி வாசகர் வட்டத்தில் நடந்த ஒரு நிகழ்வு

பின்னணி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடுகிற வாசகர் வட்டம் எங்களுடையது. மொத்தம் 13 பேர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவிலியர், வங்கி ஊழியர், கிரானைட் பாலிஷ் பட்டறை சூப்பர்வைசர், ஓசூரில் வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர், தையல் கடை வைத்திருக்கும் அக்கா, மாங்கூழ் ஆலைக்கு லோடு அடிக்கும் வேன் ஓட்டுநர், பர்கூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் கல்லூரி மாணவர் என்று பல தரப்பினர். கூட்டத்தை ஒழுங்கு செய்வதும் நோட்டில் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு. ஆளுக்கு மாதம் 100 ரூபாய் போட்டு அந்தப் பணத்தில்தான் புத்தகம் வாங்குகிறோம். ஒரு நூலைப் பற்றி உறுப்பினர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அடுத்ததை வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை ஒரே நாவலைச் சுற்றி எங்களுக்குள் கருத்துகள் பிரிந்தன. அவற்றைப் பதிவு செய்ததில் நான் சில தவறுகள் செய்தேன். ஒருவரைப் புண்படுத்தவும் செய்தோம். இப்படி வட்டம் நடத்துகிற மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பேசியவர்களிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், யார் பெயரையும் போடவில்லை. நாவலின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அது யார் கையில் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

நூலும் அதை எடுத்த விதமும்

நாவலைப் பரிந்துரைத்தவர் ஓசூர் நண்பர். சைபர்பங்க் வகை, அதோடு மாயமும் கலந்தது. சைபர்பங்க் என்ற சொல் 1983இல் புரூஸ் பெத்கே எழுதிய ஒரு சிறுகதையின் தலைப்பாக அச்சில் வந்தது. அடுத்த ஆண்டே வில்லியம் கிப்சனின் முதல் நாவல் வந்து அந்த வகைக்கு ஒரு முகம் கொடுத்தது. கருவிகள் எல்லாம் உச்சத்தில் இருக்கும், மனிதர்கள் வாழ்க்கை அடிமட்டத்தில் கிடக்கும், ஊரை ஆள்வது பெருநிறுவனங்கள். இந்த உலகத்தில் மந்திரத்தையும் பூதத்தையும் கொண்டுவந்து சேர்ப்பதும் புதிதல்ல. 1989இல் வந்த ஷேடோரன் என்ற விளையாட்டு அதைத்தான் செய்தது.

எங்கள் நாவலில் ஒரு துறைமுக நகரம். இறந்தவர்களின் ஆவிகளை நிறுவனங்கள் விலைக்கு வாங்கி, இயந்திரங்களில் அடைத்து வேலை வாங்குகின்றன. ஒரு பெண் தன் இயந்திரக் கையைத் தவணையில் வாங்கியிருக்கிறாள். அந்தக் கையால்தான் அவளுக்குப் பிழைப்பு. தவணை தவறுகிறது. வசூலுக்கு வருகிறவர்கள் கையைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். மீதிக் கதை அங்கிருந்து கிளம்புகிறது. இருட்டு, ரத்தம், அழுக்கு எதையும் ஆசிரியர் மறைக்கவில்லை.

இது ஒரு தொடரின் மூன்றாம் பாகம். பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் இந்தப் பாகம் மட்டும் 4 பிரதிகள் மலிவாகக் கிடைத்தன. தனியாகவும் படிக்கலாம் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. "முதல் ரெண்டு பாகம் இல்லாம கொஞ்சம் கஷ்டம் சார்" என்று ஓசூர் நண்பர் சொன்னார். அவர் மூன்றையும் படித்தவர். தமிழாசிரியர் வேறு விதமாகச் சொன்னார்: "நம்ம ஊர்ப் பக்கம் பாரதக் கூத்துக்குப் பத்தாம் நாள் வந்து உட்கார்ந்தவனுக்கும் கதை புரியத்தானே செய்யுது?" எனக்கு அது பிடித்திருந்தது. பணமும் மிச்சம். 4 பிரதிகளையும் வாங்கிவிட்டேன்.

ஏற்கெனவே படித்துவிட்ட ஓசூர் நண்பர் போக, ஆங்கிலத்தில் படிக்க 5 பேர் முன்வந்தோம். பிரதிகள் 4, ஓசூர் நண்பருடையது ஒன்று. மீதி 7 பேருக்கு ஆங்கில நாவல் சிரமம். அவர்களுக்காக நண்பர் 11 வாய்ஸ் மெசேஜ்களில் கதையைத் தமிழில் சொல்லி அனுப்பினார். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது பதிவு செய்தவை அவை. பின்னணியில் ஹாரன் சத்தம் கேட்கும்.

முதல் கூட்டம்

ஜூன் மாதம். மாம்பழ சீசன், ஆலைகளுக்குப் பெங்களூரா பழம் இரவு பகலாகப் போய்க்கொண்டிருந்த நேரம். வேன் ஓட்டுநரும் இன்னொருவரும் வரவில்லை. 11 பேர் இருந்தோம்.

என்னைத் தவிர்த்து எல்லாரையும் ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். ஓசூர் நண்பர் 5. ஆங்கிலத்தில் படித்த மற்றவர்களில் வங்கி ஊழியரும் சூப்பர்வைசரும் ஆளுக்கு 2, செவிலியரும் மாணவரும் ஆளுக்கு 1. கேட்டவர்களில் தமிழாசிரியர் 5, மூன்று பேர் 4, தையல் அக்கா 2. கூட்டினால் 30, பத்துப் பேருக்கு வகுத்தால் 3. "சுமாரான நூல். வன்முறை அதிகம். மற்ற பாகங்கள் வேண்டாம்" என்று நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவர்கூட 3 போடவில்லை என்பது அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லை.

கருத்துச் சொல்லும் நேரத்தில் மாணவர் எழுந்து, "எனக்குப் புரியல சார், எழுபதாவது பக்கம் வாக்குல விட்டுட்டேன்" என்றார். "முழுசாப் படிக்காம மார்க் போடக் கூடாது தம்பி" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது. நான் அதைத் தடுக்கவில்லை, அடுத்தவரைப் பேசச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். மாணவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. டீ வருவதற்கு முன்பே பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

தமிழாசிரியர் பேசியது வேறு தளத்தில் இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்பதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர் சொன்னார்: "நம்ம பக்கம் செத்தவனுக்குக் கல்லு நட்டு, படையல் வெச்சு, அவனை வேலையிலிருந்து விடுவிச்சிடறோம். இந்தக் கதையில செத்தவனுக்கும் ஷிஃப்ட் போடறான். இதைவிடக் கொடுமையான கற்பனை நான் கேட்டதில்லை." அவர் 5 போட்டது இதற்காக. மதிப்பெண் பட்டியலில் இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. நல்லவேளை, தனியாக ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன்.

கூட்டத்துக்குப் பின் கவனித்தவை

மாணவர் போன விதம் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுவாரம் அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. சரி, விட்டது எந்த இடம் என்றாவது பார்ப்போம் என்று அவர் திருப்பிக் கொடுத்திருந்த பிரதியைப் புரட்டினேன். 72ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. செவிலியரிடமும் சூப்பர்வைசரிடமும் எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேட்டேன். சூப்பர்வைசர் அதே அத்தியாயம், நாலு பக்கம் தள்ளி. அந்த அத்தியாயத்தில்தான் ஒரு ஆவி வந்து கதாநாயகியைப் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அவள் உடைந்து அழுகிறாள். அது யார், ஏன் அழுகிறாள் என்று நூல் சொல்வதில்லை. இரண்டாம் பாகத்தில் செத்துப்போன அவளுடைய தம்பி அது என்பது ஓசூர் நண்பரிடம் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மாணவருக்குப் புரியாததற்கு அவருடைய ஆங்கிலம் காரணமில்லை. நான் முடித்தவன், எனக்கும் அந்த இடம் புரியவில்லை. புரியாமலே கடந்து போயிருந்தேன், வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். சூப்பர்வைசர் பிறகு என்னிடம் சொன்னது: "பாரதக் கூத்துக் கதை பொறந்ததிலிருந்து காதுல விழுந்தது சார், அதனால எந்த நாள் வந்தாலும் புரியும். பொன்னியின் செல்வனைக் 'கொலை வாள்' பாகத்துல ஆரம்பிச்சுக் குடுத்தா, வந்தியத்தேவன் யாருன்னு கேக்க மாட்டோமா?" ஐந்து பாகத்தில் மூன்றாவது அது. ஒப்பீடு கச்சிதமாகப் பொருந்தியது.

செவிலியர் நின்ற இடம் வேறு, கை கழற்றும் காட்சி. அச்சில் அது இரண்டு பக்கம் நீள்கிறது. "டியூட்டியில பார்த்துட்டு வந்து வீட்லயும் அதையே படிக்கணுமா?" என்றார். அவருடைய 1 அந்த இரண்டு பக்கத்துக்கானது. கதையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து, கேட்டவர்களுக்குப் பிடித்து, படித்தவர்களுக்கு ஏன் பிடிக்காமல் போனது? 11 பதிவுகளையும் இரண்டு நாட்கள் உட்கார்ந்து கேட்டேன். இந்த வகை நாவல்களில் ஆசிரியர்கள் புதுச் சொற்களை விளக்காமல் அள்ளி வீசுவார்கள், வாசகர் போகப்போகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் மரபு. நண்பர் அதையெல்லாம் தூக்கிவிட்டு, "கம்பெனி", "பூட்டுன கை", "ஆவி வண்டி" என்று சொல்லியிருந்தார். வெல்டிங் ரோபோக்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவர். இயந்திரக் கை எப்படித் திரும்பும், எந்தச் சத்தத்தோடு நிற்கும் என்று அவர் சொல்லும் இடம் மூலத்தைவிட நன்றாக இருந்தது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. ஆவி யார் என்பதையும் கதைவாக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டிருந்தார். அதோடு, ரத்தக் காட்சி அவர் வாயில் ஒரே வாக்கியமாகச் சுருங்கியிருந்தது: "தவணை கட்டல, கையக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

ஆக, நாங்கள் 11 பேரும் ஒரே நூலைப் பற்றிப் பேசவே இல்லை. ஆளுக்கு ஆள் கையில் இருந்தது வேறு வேறு.

தையல் அக்காவின் 2

இதற்குள் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. தையல் அக்கா கேட்டது அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான். அதில் ரத்தமே இல்லை. அப்படியென்றால் "வன்முறை அதிகம்" என்று அவர் கணக்கிலும் நான் எழுதியது எப்படிச் சரியாகும்? முதல் கூட்டத்தில் நாற்காலி அடுக்கும்போது கேட்டதற்கு, "பெறகு சொல்றேன் சார்" என்று சொல்லியிருந்தார். ஜூலை நடுவில் அவர் கடைக்குப் போனேன். மிஷினை நிறுத்திவிட்டுப் பேசினார். அவர் சொன்னதை, அவர் ஒப்புதலோடு, அப்படியே தருகிறேன்.

"கையக் கழட்டறது பெருசில்ல சார். அந்தப் பொண்ணுக்குப் பக்கத்து வூடுன்னு ஒண்ணு இல்லவே இல்லையா? எங்க குழுக் கடன்ல ஒருத்தி கட்டலன்னா மீதிப் பேரும் போய் அவ வாசல்ல உக்காரணும். கம்பெனிக்காரன் கை வைக்க மாட்டான். நாங்கதான் போவோம். நானே போய் உக்காந்திருக்கேன், ராத்திரி ஒம்பது மணி வரைக்கும். இன்னைக்கு வரைக்கும் அவ என் மூஞ்சியப் பாக்கறதில்ல. கடன்னா அதுதான். அந்த எழுதுனவருக்கு அது தெரியல. அதான் ரெண்டு போட்டேன்."

குழுக் கடன் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: சொத்து அடமானம் கிடையாது. பெண்கள் சில பேர் சேர்ந்து ஒரு குழு, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு. ஒருவர் தவறினால் பாரம் மற்றவர்கள் தலையில் விழும். அடமானம் இல்லாதவருக்கும் கடன் கிடைப்பதற்கு அதுதான் வழி, பக்கத்து வீட்டு உறவு முறிவதற்கும் அதுவே வழியாகிறது. 2003இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2025இல் கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கவும் ஒரு சட்டம் நிறைவேறியது. அக்கா சொல்லும் அந்த வாசற்படி உட்காரலில் வற்புறுத்துகிறவரும் வற்புறுத்தப்படுகிறவரும் ஒரே தெருப் பெண்கள்.

எத்தனையோ புத்தகங்களுக்குக் கூட்டம் நடத்தியிருக்கிறேன். ஒரு நாவலின் உலகத்தில் எது குறைகிறது என்று இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கருத்தை நான் கேட்டதில்லை. அதை "வன்முறை அதிகம்" என்று இரண்டு சொல்லில் மூடி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அவரிடமே சொன்னேன்.

எடுத்த முடிவுகள்

ஜூலை கூட்டத்துக்கு முன் ஓசூர் நண்பரிடமும் தமிழாசிரியரிடமும் பேசினேன். மதிப்பெண்ணை நிறுத்துவது என்று முடிவு செய்தோம். அதற்குப் பதில் ஒவ்வொருவரும் நோட்டில் மூன்று வரி எழுத வேண்டும். முந்தைய பாகங்கள் தெரியுமா, படித்தாரா கேட்டாரா, எந்தப் பக்கம் அல்லது எந்தப் பதிவு வரை வந்தார் என்பது முதல் வரி. நின்றிருந்தால் ஏன் என்பது இரண்டாவது. நூலில் இல்லாத எதைத் தேடினார் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வரியைச் சேர்த்தது தையல் அக்காவால்தான்.

மற்ற பாகங்கள் வேண்டாம் என்ற குறிப்பை அடித்தேன். முதல் இரண்டு பாகங்களில் ஒவ்வொரு பிரதி மட்டும் வாங்கி, ஓசூர் நண்பர் அவற்றையும் குரல் பதிவாகச் சொல்வது என்றானது. 4 பிரதி வாங்கி மூவர் நடுவில் நிற்பதைவிட இது செலவும் குறைவு. நண்பருக்கு ஒரு நிபந்தனை வைத்தோம்: எதையாவது சுருக்கினாலோ மென்மையாக்கினாலோ பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். "இங்க ரெண்டு பக்கம் ரத்தம், நான் விட்டுட்டேன்" என்று சொன்னால் போதும். அவர் உடனே ஒப்புக்கொண்டார், தான் அதை மறைக்க நினைக்கவில்லை என்றும் சொன்னார். வண்டியில் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்களாம், சத்தமாக அதைச் சொல்லக் கூசியிருக்கிறார்.

செவிலியர் விஷயத்தில் முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. பிடிக்காத காட்சி இருக்கும் நூல் என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது, யார் வேண்டுமானாலும் அந்த மாதம் ஒதுங்கிக்கொள்ளலாம், காரணம் கேட்பதில்லை.

மாணவர் ஜூலை கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்த வாரம் நானும் சூப்பர்வைசரும் பர்கூர் போனோம். வீட்டுக்குள் போகாமல் பஸ் நிறுத்தத்து டீக்கடையிலேயே பேசினோம், அவர் அதைத்தான் விரும்பினார். அன்று சிரித்தது தவறு, அதைத் தடுக்காதது என் தவறு என்றேன். 72ஆம் பக்கத்து விஷயத்தையும் சொன்னேன். "அப்ப எனக்கு மட்டும் இல்லையா சார்?" என்று கேட்டார். இல்லை தம்பி, எனக்கும் புரியவில்லை என்றேன். அதை முதல் கூட்டத்திலேயே சொல்லியிருந்தால் பர்கூர் போக வேண்டியே இருந்திருக்காது.

பிறகு நடந்தது

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் முதல் இரண்டு பாகங்கள் பதிவாக வந்தன. முதல் பாகத்திலேயே ஒரு பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். அவளுடைய கடனுக்குக் கதாநாயகி ஜாமீன் போட்டிருக்கிறாள். அவள் ஓடிப்போகிறாள், பாரம் இவள் மேல் விழுகிறது, குடியிருப்பில் மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மூன்றாம் பாகத்தில் கதாநாயகிக்கு யாருமே இல்லாமல் இருப்பதன் காரணம் அது. அக்கா குறை என்று சொன்னதற்கு ஆசிரியர் இரண்டு பாகம் முன்பே பதில் எழுதி வைத்திருந்தார். எங்களிடம்தான் அது வந்து சேரவில்லை.

செப்டம்பர் கூட்டத்தில் அக்கா தன் பேச்சைத் தானே எல்லார் முன்னும் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்தே பேசினார். யாரும் குறுக்கே பேசவில்லை. வங்கி ஊழியர் மட்டும் முடிவில் மெதுவாக, "எங்க பக்கமிருந்து பார்த்தா அது வெறும் வசூல் சதவீதம் அக்கா" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

எல்லாக் கருத்தும் மாறிவிடவில்லை. வங்கி ஊழியர் மூன்று பாகமும் தெரிந்த பின்னும் நூலைப் பிடிக்கவில்லை என்றே எழுதினார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று புதுச் சொல், ஒவ்வொரு பாகமும் பாதியில் அறுந்து நிற்கிறது என்பது அவர் குறை. அது நியாயமான குறை, அப்படியே இருக்கட்டும். சூப்பர்வைசர் விட்ட இடத்திலிருந்து படித்து முடித்தார். மறுபடி மதிப்பெண் கேட்டிருந்தால் என்ன போட்டிருப்பார் என்று நான் கேட்கவில்லை. செவிலியர் இந்த நூலை மீண்டும் தொடவில்லை, அடுத்த நூலுக்கு வந்தார். மாணவர் இதுவரை கூட்டத்துக்கு வரவில்லை. மாதாமாதம் மூன்று வரியைப் போனில் அனுப்புகிறார், நான் நோட்டில் ஏற்றிவிடுகிறேன். அவர் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி மாற்ற வேண்டியவை

தொடர் நூலென்றால் முதல் பாகம் கைக்கு வராமல் தொடங்குவதில்லை. விலை மலிவு என்பது காரணமாகாது. எல்லாத் தொடருக்கும் இது தேவைப்படாமல் இருக்கலாம், ஆனால் தேவையில்லை என்று சொல்லும் உரிமை தொடரை முழுக்கப் படித்தவருக்குத்தான், பின்னட்டைக்கு இல்லை.

கேட்டவர் கருத்தையும் படித்தவர் கருத்தையும் நோட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதுகிறோம். ஒன்று தாழ்வு, ஒன்று உயர்வு என்றில்லை. சொல்கிறவர் கைபட்டது எது, எழுதியவர் கைபட்டது எது என்று பிரித்துப் பார்க்க அது உதவுகிறது. நடத்துகிறவர் தனக்குப் புரியாத இடத்தை முதலில் சொல்ல வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். இப்போது ஒவ்வொரு கூட்டத்தையும் நான் அப்படித்தான் தொடங்குகிறேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் இன்னும் எப்படிச் செய்வது என்று எனக்குத் தெளிவில்லை. அக்கா சொன்னதைப் போல ஒன்றை ஒருவர் கூட்டத்தில் சொல்லும்போது, அது நூலைப் பற்றிய கருத்தாகவும் இருக்கிறது, அவர் வாழ்க்கையாகவும் இருக்கிறது. எதுவரை கேட்பது, எங்கே நிறுத்துவது? இந்த முறை அவரே எல்லையை வைத்தார், நாங்கள் மதித்தோம். எல்லாராலும் அப்படி வைக்க முடியாது.

அக்டோபரில் ஓசூர் நண்பர் நாலாம் பாகத்தை வாங்கிவிட்டார். பதிவு தொடங்குவதற்கு முன் யாருக்கு என்ன கேள்வி என்று கேட்டார். சூப்பர்வைசருக்கு அந்தத் தம்பியின் ஆவி விடுதலை ஆகுமா என்று தெரிய வேண்டும். தையல் அக்கா கேட்டது: "அந்தப் பக்கத்து வூட்டுக்காரி ஓடிப்போனாளே, அவ எங்க இருக்கான்னு இதுலயாவது வருதா பாருங்க தம்பி." நண்பர் பாதி வரை படித்திருக்கிறார். இன்னும் வரவில்லை என்றார்.